புற்றுநோய்ப் பரம்பரையும் தலைவலி மாத்திரையும்

குடும்பச் சொத்து போல வந்து சேரும் குடல் புற்றுநோயை சாதாரண வலி மாத்திரைகளால் தடுக்க முடியுமா? நாற்பது ஆண்டுத் தேடலில், வேகமாகப் பலன் காட்டிய மருந்துகள் ஏமாற்றின. பலனே இல்லை என்று கைவிடப்பட இருந்த ஆஸ்பிரின் கரை சேர்ந்தது.

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூறு நிபுணராக இருந்தவர் டாக்டர் ஆல்ட்ரெட் வார்த்தின். அவருக்கு அறிமுகமான ஒரு தையல்காரப் பெண் எப்போதும் சோகமாகவே இருந்தார். என்ன கவலை என்று வார்த்தின் ஒரு நாள் விசாரித்தார். தனக்கு இப்போது எந்த நோயும் இல்லை, ஆனால் இளம் வயதிலேயே புற்றுநோயில் சாகப் போவது நிச்சயம் என்றார் அந்தப் பெண். குடும்பத்தில் பெரும்பாலோர் வயிற்றிலோ, குடலிலோ, கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்து செத்திருக்கிறார்கள். தான் மட்டும் எப்படித் தப்ப முடியும்?

அவர் பயந்தபடியே நடந்தது. கர்ப்பப்பைப் புற்றுநோய் அவரைக் கொண்டு போயிற்று. அதற்குள் வார்த்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தோண்டி எடுக்க ஆரம்பித்திருந்தார். 1913இல் அதை வெளியிட்டார். மருத்துவ நூல்களில் 'ஜி குடும்பம்' என்று அது பெயர் பெற்றது. ஆனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1962இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் அதே கதை. குடிப்பழக்கத்தால் நடுக்கமும் பிதற்றலுமாக மருத்துவமனைக்கு வந்த ஒருவரை இளம் டாக்டர் ஹென்றி லிஞ்ச் பரிசோதித்தார். ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: எப்படியும் புற்றுநோயில்தான் சாகப் போகிறேன், என் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

லிஞ்ச் அந்தப் பதிலைக் குடிகாரன் பேச்சு என்று ஒதுக்கவில்லை. வீடு வீடாகப் போய் உறவினர்களைச் சந்தித்தார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். 1966இல் இரண்டு பெரிய குடும்பங்களின் வரலாற்றை வெளியிட்டார். புற்றுநோய் சுற்றுச்சூழலால் வருவது, பரம்பரையால் அல்ல என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. லிஞ்ச் சொன்னதை ஏற்க அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று அந்த நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது: லிஞ்ச் சிண்ட்ரோம்.

தையல்காரப் பெண் தன் விதியைச் சொல்லிப் புலம்பிய இரண்டே ஆண்டுகளில், 1897இல், ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஒரு வெள்ளைப் பொடி உருவாயிற்று. 1899இல் ஆஸ்பிரின் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் உலகமே அதை விழுங்கியது. அந்த மாத்திரையும் அந்தப் பெண்ணின் பரம்பரை நோயும் ஒன்றையொன்று சந்திக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. சந்தித்தபோதும் முதலில் எதுவும் நடக்காதது போலத்தான் தெரிந்தது.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரை நோய் அல்ல. வயது, உணவு, புகை, மது, உடல் பருமன் என்று பல காரணங்கள் சேர்ந்து வருவதுதான் அதிகம். சிறு பகுதியினருக்கே ஒரு ஜீன் பழுதாகிப் பெற்றோரிடமிருந்து நேரடியாக வருகிறது. அதில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது எஃப்.ஏ.பி. எனப்படும் குடும்பப் பாலிப் நோய். பாலிப் என்பது குடலின் உட்சுவரில் மரு போல முளைக்கும் சிறு கட்டி. சாதாரணமாக ஒன்றிரண்டு முளைத்தால் டாக்டர்கள் வெட்டி எடுத்துவிடுவார்கள். எஃப்.ஏ.பி. உள்ளவர்களுக்கு விடலைப் பருவத்திலேயே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் முளைக்கின்றன. எல்லாவற்றையும் வெட்டுவது நடக்காத காரியம். ஏதோ ஒன்று புற்றாக மாறுவது உறுதி. கவனிக்காமல் விட்டால் நாற்பது வயதை ஒட்டி புற்றுநோய் வந்துவிடுகிறது. சுமார் பத்தாயிரம் பேருக்கு ஒருவரிடம் காணப்படும் இந்த நோய்க்குக் காரணமான ஏ.பி.சி. என்ற ஜீன் 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. குடல் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதைத் தடுக்கும் பிரேக் அது.

இரண்டாவது லிஞ்ச் சிண்ட்ரோம். இதில் பிரேக் பழுதாவதில்லை, புரூஃப் பார்ப்பவர் காணாமல் போகிறார். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் அதன் டி.என்.ஏ. முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. நகலில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்த உடம்பில் ஒரு குழு உண்டு. அந்தக் குழுவைச் சேர்ந்த எம்.எஸ்.எச்.2 என்ற ஜீன் 1993இலும் எம்.எல்.எச்.1 என்ற ஜீன் 1994இலும் பிடிபட்டன. இவற்றில் ஒன்று பழுதானால் பிழைகள் குவிகின்றன. இவ்விரண்டில் ஒன்று பழுதானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் குடல் புற்றுநோய் வருகிறது. பெண்களுக்குக் கர்ப்பப்பை அபாயமும் சேர்ந்துகொள்கிறது. எஃப்.ஏ.பி. அளவுக்கு இது அபூர்வமும் இல்லை. முந்நூறு, நானூறு பேருக்கு ஒருவர் என்பது மேலைநாடுகளின் மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.

இரண்டு நோய்களும் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான்.

இவர்களுக்கு மருத்துவம் கொடுத்த வழி கத்திதான். எஃப்.ஏ.பி. இருப்பது தெரிந்தால் பதினெட்டு, இருபது வயதில் பெருங்குடலை எடுத்துவிடுவது வழக்கம். கல்லூரியில் சேரும் வயதில், கல்யாணத்துக்கு முன்னால், ஆரோக்கியமாகத் திரியும் பிள்ளையின் குடலை எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் நிம்மதி இல்லை. மிச்சமிருக்கும் மலக்குடலிலும் முன்சிறுகுடலிலும் பாலிப்கள் முளைக்கலாம். லிஞ்ச் குடும்பங்களில் பிறந்தவர்களோ இருபத்தைந்து வயதிலிருந்து ஓரிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கொலனோஸ்கோபி குழாயை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பதிலாக, அல்லது கூடவே, ஒரு மாத்திரை கிடைத்தால்?

அந்த ஆசைக்கு முதல் வித்திட்டவர் கொலராடோ மாநில அறுவை மருத்துவர் வில்லியம் வாடெல். பாலிப் குடும்பத்தைச் சேர்ந்த சிலருக்கு வயிற்றில் வேறு வகைக் கட்டிகளும் வளர்ந்தன. அதற்காக அவர் கொடுத்தது சுலிண்டாக் என்ற மருந்து. மூட்டுவலிக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கும் சாதாரண வீக்க நிவாரணி. உள்ளே பார்த்தபோது ஆச்சரியம்: பாலிப்கள் மறைந்துகொண்டிருந்தன. 1983இல் அவர் இதை வெளியிட்டார்.

காரணத்தின் ஒரு முனை ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆஸ்பிரினும் அதன் உறவு மருந்துகளும் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரப்பதைத் தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்றார். வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றுக்கும் பின்னால் இருப்பது அந்த ரசாயனம். அதைத் தயாரிக்கும் என்சைம் காக்ஸ். அதில் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்று இரு வகை இருப்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. காக்ஸ்-1 வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது. காக்ஸ்-2 வீக்கத்தின்போது தலைதூக்குகிறது. குடல் கட்டிகளில் காக்ஸ்-2 ஏராளமாக இருப்பது 1994இல் தெரியவந்தது. 1996இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் எலிகளில் ஏ.பி.சி. ஜீனோடு காக்ஸ்-2 ஜீனையும் முடக்கியபோது பாலிப்கள் வெகுவாகக் குறைந்தன.

இன்னொரு பக்கம் சாதாரண மக்களிடமிருந்தும் துப்பு கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கேப்ரியல் கூன் குழுவினர் குடல் புற்றுநோய் வந்த 715 பேரையும் வராத 727 பேரையும் ஒப்பிட்டு 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு சுமார் நாற்பது சதவீதம் குறைவு. 1991இல் அமெரிக்க கேன்சர் சொசைட்டி ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்தபோதும் அதே போக்கு. ஆனால் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் வேறு வகையிலும் ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாமே? இந்தச் சந்தேகம் தீர ஒரே வழி, குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது.

1993இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பிரான்சிஸ் ஜியார்டியெல்லோ அதைச் செய்தார். எஃப்.ஏ.பி. உள்ள 22 பேருக்கு ஒன்பது மாதம் சோதனை. சுலிண்டாக் எடுத்தவர்களின் பாலிப் எண்ணிக்கை ஆரம்பத்தில் இருந்ததில் 44 சதவீதமாகவும், குறுக்களவு 35 சதவீதமாகவும் சுருங்கின. மகிழ்ச்சி வெகு நாள் நீடிக்கவில்லை. ஒருவருக்குக்கூட பாலிப்கள் முற்றிலும் மறையவில்லை. மருந்தை நிறுத்திய மூன்று மாதத்தில் திரும்பவும் முளைக்க ஆரம்பித்தன.

அதைவிடக் கவலையான செய்திகளும் வந்தன. சுலிண்டாக் எடுத்துப் பாலிப்கள் கட்டுக்குள் இருப்பதாக நம்பப்பட்ட சிலருக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்திருப்பதாக 1990களின் நடுவில் மருத்துவ இதழ்கள் தெரிவித்தன. பாலிப் சுருங்குவதும் புற்றுநோய் தடுக்கப்படுவதும் ஒன்றுதானா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2002இல் ஜியார்டியெல்லோ குழுவினர் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். பழுதான ஜீன் இருந்தும் இன்னும் பாலிப் முளைக்காத 41 இளம் வயதினருக்கு நான்கு ஆண்டுகள் சோதனை நடந்தது. சுலிண்டாக் எடுத்த 21 பேரில் ஒன்பது பேருக்குப் பாலிப் வந்தது. வெற்று மாத்திரை எடுத்த 20 பேரில் 11 பேருக்கு வந்தது. புள்ளிவிவரக் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. முளைத்ததைச் சுருக்கிய மருந்தால் முளைப்பதைத் தடுக்க முடியவில்லை.

இதற்கிடையில் மருந்துக் கம்பெனிகள் களத்தில் இறங்கிவிட்டன. காக்ஸ்-2வை மட்டும் குறிவைக்கும் புதிய மருந்துகள் வந்தன. வயிற்றுப் புண் பயம் குறைவு என்று விளம்பரம் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றான செலெகாக்சிபை லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையும் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையமும் எஃப்.ஏ.பி. உள்ள 77 பேருக்குக் கொடுத்துப் பார்த்தன. தினம் இரு வேளை 400 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் எடுத்தவர்களுக்குப் பாலிப் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 4.5 சதவீதம்தான். 1999 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது. நிஜமாகவே புற்றுநோயைத் தடுக்கிறதா என்று பிற்பாடு நிரூபிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பாலிப் வந்து போன சாதாரண மக்களிடமும் இதே மருந்துகள் பெரிய அளவில் சோதிக்கப்பட்டன. விபத்து அங்கேதான் நடந்தது. வயாக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் விற்ற ரோஃபிகாக்சிபை மெர்க் கம்பெனி 2004 செப்டம்பர் 30 அன்று சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த மருந்தைக் கவிழ்த்தது மூட்டுவலி ஆய்வு அல்ல, பாலிப் தடுப்பு ஆய்வு. அதில் பங்கெடுத்த 2,586 பேரில் பதினெட்டு மாதத்துக்கு மேல் மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் இரட்டிப்பாகியிருந்தன. இந்திய அரசும் அதே ஆண்டு டிசம்பரில் அந்த மருந்தைத் தடை செய்தது.

அதே மாதம் செலெகாக்சிப் ஆய்வும் பாதியில் நின்றது. 2,035 பேர் சேர்ந்திருந்த அந்த ஆய்வில் பாலிப்கள் என்னவோ குறைந்தன. குறைந்த அளவு மருந்துக்கு 33 சதவீதம், அதிக அளவுக்கு 45 சதவீதம். ஆனால் இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் வெற்று மாத்திரைக் குழுவில் ஒரு சதவீதம் என்றால், அதிக அளவு மருந்து எடுத்தவர்களிடம் 3.4 சதவீதம். குடலைக் காக்கப் போய் இதயத்தைப் பலி கொடுப்பதா? எஃப்.ஏ.பி. நோய்க்கான செலெகாக்சிப் அனுமதியும் நிலைக்கவில்லை. கேட்ட நிரூபணம் முடிக்கப்படாமல், 2011இல் கம்பெனியே கேட்டுக்கொண்டதன் பேரில் அது ரத்தாயிற்று.

இந்தக் கலவரத்துக்கு நடுவே, சத்தமில்லாமல் ஒரு பழைய மாத்திரை சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் மரபியல் பேராசிரியர் ஜான் பர்ன் 1990களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வுத் தொடரின் பெயர் கேப். கையில் எடுத்தது இரண்டே பொருள். ஒன்று ஆஸ்பிரின். மற்றது செரிக்காத மாவுச்சத்து. முழுதாகப் பழுக்காத வாழைப்பழத்தில் இருக்கும், சிறுகுடலில் கரையாமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும் மாவு. பேட்டன்ட் எடுத்துக் கொள்ளை லாபம் பார்க்க இரண்டிலும் வழியில்லை. ஐரோப்பிய யூனியன், பிரிட்டனின் புற்றுநோய் அறக்கட்டளைகள், ஆஸ்பிரின் தயாரிக்கும் பேயர் ஆகியோரின் உதவியில் ஆய்வு நடந்தது.

எஃப்.ஏ.பி. இளைஞர்களுக்கான கேப்-1 ஆய்வில் ஆஸ்பிரின் பாலிப் எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கான கேப்-2 இன்னும் பெரியது. 1999 முதல் 2005 வரை 16 நாடுகளில் 861 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கலில் 427 பேருக்கு ஆஸ்பிரின், தினம் 600 மில்லிகிராம். 434 பேருக்கு அதே மாதிரித் தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சராசரியாக இரண்டு ஆண்டு மாத்திரை எடுத்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. பாலிப், புற்று இரண்டையும் சேர்த்து எண்ணினால் இரு தரப்பும் சமம். ஆஸ்பிரினால் பயனில்லை.

பொதுவாக இந்த இடத்தில் ஃபைலை மூடிவிடுவார்கள். ஆனால் கேப்-2 குழு திட்டம் போட்டபோதே ஒரு காரியம் செய்திருந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பத்து ஆண்டுகளுக்கு ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனிப்பது என்று எழுதி வைத்திருந்தது. புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. இன்று தடுத்தது தெரிய நாளாகும்.

தெரிந்தது. 2011இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அடுத்த கணக்கு வெளியானது. இதில் குடல் புற்றுநோய் வந்தவர்களை மட்டும் எண்ணினார்கள். வெற்று மாத்திரைத் தரப்பில் 30 பேர். ஆஸ்பிரின் தரப்பில் 18 பேர். இரண்டு ஆண்டு மாத்திரையை ஒழுங்காக முடித்தவர்களைத் தனியாகப் பார்த்தால் அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆரம்பித்து நான்கைந்து ஆண்டுகள் வரை இரு கோடுகளும் ஒட்டியே போய், அதன் பிறகுதான் விலகின.

அப்போதும் சந்தேகப்பட இடமிருந்தது. எண்கள் சிறியவை. எனவே காத்திருந்தார்கள். 2020இல் மறுபடியும் லான்செட். இம்முறை எல்லோருக்கும் பத்து ஆண்டு, சில நாட்டுக்காரர்களுக்கு இருபது ஆண்டு வரையிலான கணக்கு. ஆஸ்பிரின் எடுத்த 427 பேரில் 40 பேருக்கு, அதாவது 9 சதவீதத்துக்குக் குடல் புற்றுநோய். வெற்று மாத்திரை எடுத்த 434 பேரில் 58 பேருக்கு, அதாவது 13 சதவீதம். மாத்திரை எடுத்தது இரண்டே ஆண்டு. பாதுகாப்பு பத்தாண்டுக்கு மேல். வேறு விதமாகச் சொன்னால், 24 பேர் இரண்டு ஆண்டு ஆஸ்பிரின் எடுத்தால் அவர்களில் ஒருவர் குடல் புற்றுநோயிலிருந்து தப்புகிறார்.

அந்த ஒருவர் யார் என்று சொல்ல முடியாது. அவருக்கே தெரியாது. வராமல் போன நோய்க்கு முகம் கிடையாது. அதனால்தான் இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பொறுமை தேவைப்படுகிறது, பணம் கொடுக்கிறவர்களுக்கு அலுப்பும் தட்டுகிறது.

பாலிப்களைச் சுருக்கிய மருந்துகள் தோற்றன. பாலிப்களைத் தொடாத மருந்து புற்றுநோயைத் தடுத்தது. இது எப்படி?

ஒரு விளக்கம் நோயின் தன்மையிலேயே இருக்கிறது. லிஞ்ச் சிண்ட்ரோமில் பாலிப்கள் ஏராளமாக முளைப்பதில்லை. சில புற்றுகள் கண்ணுக்குத் தெரியும் பாலிப் இல்லாமலே உருவாகின்றன. அங்கே பாலிப்பை எண்ணுவது தவறான முகவரியில் தேடுவது. ஆஸ்பிரின் அதற்கும் முந்தைய கட்டத்தில் வேலை செய்கிறது, பழுதான செல்கள் தாங்களாகவே அழிந்துபோவதை ஊக்குவிக்கிறது என்பது பர்ன் முன்வைக்கும் கருத்து. ஆஸ்பிரினின் மூதாதையான சாலிசிலேட் பல தாவரங்களில் உண்டு. கிருமி தாக்கிய செல்லைச் சாகவைத்து மற்ற பகுதியைக் காப்பாற்ற செடி அதைப் பயன்படுத்துகிறது. மனிதக் குடலிலும் அது போன்ற ஒன்று நடக்கலாம் என்பது ஊகம். நிரூபணம் ஆகவில்லை.

செரிக்காத மாவுக்கும் ஒரு திருப்பம் காத்திருந்தது. குடல் புற்றுநோயை அது தடுக்கவில்லை. ஆனால் கேப்-2வில் அதை எடுத்தவர்களுக்கு உடம்பின் மற்ற இடங்களில் வரும் புற்றுநோய்கள் குறைவு என்று 2022இல் கணக்கு வந்தது. இதை இன்னொரு ஆய்வு உறுதி செய்தாக வேண்டும்.

எவ்வளவு ஆஸ்பிரின் போதும் என்பது அடுத்த கேள்வி. 600 மில்லிகிராம் என்பது இதய நோயாளிகள் எடுக்கும் 75 மில்லிகிராமைப் போல எட்டு மடங்கு. வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் அளவோடு கூடும். 2014இல் தொடங்கிய கேப்-3 ஆய்வில் சுமார் 1,900 பேருக்கு 100, 300, 600 மில்லிகிராம் என மூன்று அளவுகள் கொடுக்கப்பட்டன. இந்த முறை வெற்று மாத்திரை யாருக்கும் கிடையாது. பலன் உண்டு என்று தெரிந்த பிறகு வெற்று மாத்திரை கொடுப்பது முறையல்ல. 2025இல் இந்தக் குழு அறிவித்த முடிவின்படி 100 மில்லிகிராமே அதிக அளவுகளுக்கு நிகரான பாதுகாப்பு தருகிறது.

பிரிட்டிஷ் அரசின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2020 ஜனவரியிலேயே, லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் தினசரி ஆஸ்பிரின் கொடுப்பதைப் பரிசீலிக்கும்படி டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது.

எஃப்.ஏ.பி. குடும்பங்களுக்கு இவ்வளவு தெளிவான நல்ல செய்தி இல்லை. சுலிண்டாக்குடன் எஃப்ளோர்னிதின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து 171 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. நோய் முற்றியவர்கள் கூட்டு மருந்தில் 32 சதவீதம், சுலிண்டாக் மட்டும் எடுத்ததில் 38 சதவீதம், எஃப்ளோர்னிதின் மட்டும் எடுத்ததில் 40 சதவீதம். திட்டவட்டமான வெற்றி என்று சொல்ல இந்த வித்தியாசம் போதவில்லை. அவர்களுக்கு இன்றும் அறுவை சிகிச்சைதான் முதல் கவசம். மருந்து அதைச் சில காலம் தள்ளிப் போட உதவலாம், அகற்ற முடியாது.

இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போய் ஆஸ்பிரின் அட்டை வாங்குவது ஆபத்து. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அந்த எளிய மாத்திரைக்குக் கூர்மையான மறுபக்கம் உண்டு. வயிற்றிலும் மூளையிலும் ரத்தக்கசிவு ஏற்படலாம். டெங்குக் காய்ச்சலில் அதைத் தொடவே கூடாது. காய்ச்சலில் இருக்கும் குழந்தைகளுக்கும் கூடாது. பரம்பரை அபாயம் இல்லாத முதியோருக்குத் தினம் 100 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆஸ்ப்ரீ ஆய்வு, ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேரிடம் நடந்தது. 2018இல் வெளியான அதன் முடிவில் ஆஸ்பிரின் தரப்பில் ரத்தக்கசிவு மட்டுமல்ல, புற்றுநோய் மரணங்களும் சற்றுக் கூடுதலாக இருந்தது எல்லோரையும் அதிர வைத்தது. ஒரு குடும்பத்துக்கு மருந்தாவது இன்னொரு குடும்பத்துக்கு விஷமாகலாம்.

ஆகவே முதல் கேள்வி மாத்திரை பற்றியது அல்ல, குடும்பம் பற்றியது. 1990இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் ஒரு எளிய கணக்கு வகுத்தார்கள்: மூன்று, இரண்டு, ஒன்று. நெருங்கிய ரத்த உறவில் மூன்று பேருக்குக் குடல் புற்றுநோய். அவர்கள் இரண்டு தலைமுறையைச் சேர்ந்தவர்கள். அதில் ஒருவருக்காவது ஐம்பது வயதுக்கு முன் வந்திருக்க வேண்டும். பிற்பாடு கர்ப்பப்பை உள்ளிட்ட வேறு சில புற்றுநோய்களும் கணக்கில் சேர்க்கப்பட்டன. இந்தக் கணக்கில் அகப்படாத லிஞ்ச் குடும்பங்களும் உண்டு. இப்போது வெட்டி எடுத்த கட்டியையே சோதித்து, புரூஃப் பார்க்கும் குழு பழுதா என்று அறிய முடிகிறது. சந்தேகம் வந்தால் ரத்தத்தில் ஜீன் சோதனை.

இந்தியாவில் குடல் புற்றுநோய் மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆனால் இளம் வயதில் வருகிறவர்கள் டாக்டர்களின் கண்ணில் படாமல் இல்லை. மும்பை டாடா மெமோரியல், சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களில் பரம்பரைப் புற்றுநோய் ஆலோசனை கிடைக்கிறது. சிகிச்சை முடிந்தவர்களுக்கு நோய் திரும்புவதை ஆஸ்பிரின் தடுக்குமா என்று பிரிட்டனில் 2015இல் தொடங்கிய ஆட்-ஆஸ்பிரின் ஆய்வில் டாடா மெமோரியல் வழியாக இந்திய நோயாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். அது பரம்பரை நோய்க்கான ஆய்வு அல்ல என்றாலும், விலை மலிவான ஒரு மருந்து நிஜமாகவே பயன்பட்டால் அதிக லாபம் இந்தியா போன்ற நாட்டுக்குத்தான்.

இங்கே பெரிய தடை மருந்து இல்லை, மௌனம். அப்பாவுக்கு என்ன நோய் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சித்தப்பா 'வயிற்று வலியில்' போனார் என்பதோடு கதை முடிகிறது. பெண் கல்யாணம் தட்டிப் போகும் என்ற பயத்தில் அத்தையின் கர்ப்பப்பைக் கட்டி மறைக்கப்படுகிறது. யார் எந்த வயதில் எந்தப் புற்றுநோயில் இறந்தார்கள் என்று மூன்று தலைமுறைக்கு ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டினால், பல லட்ச ரூபாய் சோதனைகளும் காட்டாததை அது காட்டக்கூடும். வார்த்தினும் லிஞ்சும் செய்தது அதைத்தான்.

தையல்காரப் பெண்ணின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. ஜி குடும்பத்தை ஆராய்ச்சியாளர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2005இல் வெளியான கட்டுரையில் அந்தக் குடும்பத்தின் 929 வாரிசுகள் பதிவாகியிருந்தார்கள். பழுது எம்.எஸ்.எச்.2 ஜீனில், ஒரே ஓர் எழுத்தில். அந்தப் பழுதைச் சுமக்காத வாரிசுகளுக்கு மற்ற அமெரிக்கர்களைவிட அபாயம் அதிகமில்லை.

1895இல் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: குடும்பத்தில் எல்லோரும் சாகிறார்கள், தானும் சாவோம். இன்று அதே குடும்பத்தில் பிறக்கும் ஒரு பெண் முதலில் தெரிந்துகொள்ளக்கூடியது, தன்னிடம் அந்தப் பழுது இருக்கிறதா இல்லையா என்பது. இல்லை என்றால் பயத்தை அன்றோடு விட்டுவிடலாம். இருந்தால் கொலனோஸ்கோபிக்கு நாள் குறிக்கலாம். டாக்டர் சரி என்றால் தினம் ஒரு சிறு மாத்திரை விழுங்கலாம். அது முழுக் காப்பு அல்ல. ஆஸ்பிரின் எடுத்த நூறு பேரில் ஒன்பது பேருக்கும் நோய் வரத்தான் செய்தது. ஆனால் பதிமூன்று ஒன்பதாகக் குறைந்திருக்கிறது. அந்த நான்கு பேர் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகும் குடும்பக் கதை வேறு.